ஒரு பல்

மூன்று நாளாய் அசையவில்லை.
நட்டு கழன்றுவிட்டது, வாஷர் கழன்றுவிட்டது,
ஸ்டியரிங் பெட்டித் தண்டைக் கவ்விய கை மட்டும்
பிறந்ததே அங்கேதான் என்பதுபோல் நிற்கிறது.
நாவிதன்வெளி, என் வளவு.
மிசினுக்குக் கீழே யூரியாச் சாக்கு விரித்து
நியாஸ் படுத்திருக்கிறான்.
வெளியே தெரிவது இரண்டு கால், ஒரு செருப்பு.

முதல் நாள் மண்ணெண்ணெய்.
மறுநாள் பிரேக் ஒயில்.
மறுகா சம்மாந்துறையிலிருந்து
பெயர் அழிந்த டின்னில் ஏதோ ஒன்று.
கறள் எல்லாவற்றையும் குடித்தது.
நான் சுத்தியலைத் தூக்க, கையை நீட்டித் தடுத்தான்:
"அடிச்சா விடாது அண்ணன்.
அடிக்க அடிக்கப் பெட்டிதான் வெடிக்கும்.
இழுவையக் குடுத்துப்போட்டு
நாம பேசாம இரிக்கணும்."

பேசாமல் இருக்க யாருக்கு நேரம்?
விதைப்புக்குத் திகதி வைத்தாயிற்று.
வட்டவிதானை இரண்டு தரம் வந்து
டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

மஃரிபுக்கு முன்
இரண்டு கால் புல்லரை மாட்டி,
திருகில் நீளக் குழாய் செருகி,
கழுத்து நரம்பு புடைக்க இறுக்கி,
அப்படியே விட்டுவிட்டு
மோட்டார் சைக்கிளில் ஏறினான்.

இரவு இரண்டு மணி இருக்கும்.
டங்!
பவளராணி எழுந்து உட்கார்ந்தாள்.
"யானை வெடியா?"
"யானையெண்டா நாய் குரைக்கும். படு."

டோர்ச்சோடு போனேன்.
மூன்று நாள் எங்களைப் பார்த்து இளித்த இரும்பு
ஒருவரும் பார்க்காத நேரம்
ஒரு விரல்கடை முன்னால் வந்து நின்றது.
சாரன் தலைப்பால் கிறீஸைத் துடைத்தேன்.
தண்டின் முகத்தில் ஒரு உளிக்கோடு,
கையின் முகத்தில் ஒரு உளிக்கோடு.
இரண்டும் ஒரே கோடாய்ச் சேரவேண்டும்.
ஒரு பல் தள்ளி இருந்தன.
பல்லிடையில் ஆட்டம் போக்கச் சுற்றிய
பால்டின் தகரம்; அதில் பாதிப் பசு.

அந்தப் பசுவை எனக்குத் தெரியும்.
தையல் கத்தரிக்கோலால் தகரம் வெட்டினேன் என்று
பவளம் அன்று ஏசிய ஏச்சும் தெரியும்.
பதினொரு வருஷம்.
மழை இருட்டிக்கொண்டு வந்த பின்னேரம்,
கோடு பார்க்க வெளிச்சமில்லை,
இறங்கியது, இறுக்கினேன்.

எட்டுப் போகம் குணரெத்தினத்தை ஏசியிருக்கிறேன்.
நேரே பிடித்தால் இடப்பக்கம் சரியுதென்று அவன் சொல்ல,
பிடிக்கத் தெரியாதவன் சொல்லும் கதை என்றேன்.
வரம்பைத் தின்னுறாய் என்றேன்.
குடித்துவிட்டு ஓட்டுகிறான் என்று
நாலு பேருக்கு முன்னால் சொன்னேன்.
அவன் வெற்றிலைகூடப் போடாதவன்.
ஒருநாள் சாவியை மட்கார்ட்டில் வைத்தான்,
தண்ணி குடித்தான், போனான்.
இப்போது மகிழூரில் கன்டர் ஓட்டுவதாய்க் கேள்வி.
பிறகு நானே ஓட்டினேன்.
சால் அப்போதும் சரிந்தது.
மண்ணைக் குறை சொன்னேன்.

விடிந்தது.
நியாஸ் தகரத்தை உரித்தெடுத்துப் பசுவைப் பார்த்தான்.
"ஆரண்ணன் இதப் பூட்டின?"
"தெரியா. பழைய ஆக்கள்."
தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குப் போய்
சீனி போட மறந்தேன்.

கோட்டுக்குக் கோடு வைத்து,
நட்டை இறுக்கி, பின்னை மடக்கிவிட்டுச் சொன்னான்,
"ஓடிப் பாருங்க."

வாய்க்கால் ரோட்டில் நூல் பிடித்தாற்போல் போனது மிசின்.
என் கைதான்
பதினொரு வருஷப் பழக்கத்தில் வலப்பக்கம் வெட்டியது.
முன்சில்லு வரம்பில் ஏறி
அரைப்பாகம் மண்ணைச் சரித்து நின்றது.
பின்னால் நியாஸ் சிரிக்கும் சத்தம்.

அது குணரெத்தினத்தின் மாமனார் வயல்.
வாய்க்கால் தண்ணீர் சரிவைத் தேடி உள்ளே இறங்குகிறது.
மண்வெட்டிக்கு வீட்டுக்குப் போய்வரக் கால்மணி.
வாடியில் கிழவர் இருக்கிறார்;
சுவரில் மண்வெட்டி சாத்தியிருக்கிறது.
கேட்கவேண்டும்.
மிசினை நிறுத்தாமல்
இறங்காமல்
கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன்.